வர்ணம் புதுப்பிப்பதா, நிறத்தையே மாற்றுவதா?

மோட்டார் காருக்குச் சொந்தக்காரராக இருப்பவர்களுக்கு, வண்டி வாங்கி ஏழெட்டு ஆண்டுகள் கழிந்தபின், ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு ஆசைகள் தலைகாட்டுவதுண்டு. மங்கிப்போன வண்டிக்குப் பழைய நிறத்தையே மீண்டும் அடித்துப் புதுக்கோலம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அடிப்பதுதான் அடிக்கிறோம், நிறத்தையே மாற்றிவிட்டால் என்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பட்டறையில், ஒரே மேஸ்திரியின் கையால் நடைபெறும் காரியங்களாகையால், ஒன்றின் நீட்சியே மற்றது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். முன்னது பழுதுபார்க்கும் வேலை. பின்னதோ வண்டியின் அடையாளத்தைத் திருத்தி எழுதும் வேலை. செலவிலும், பிடிக்கும் நாட்களிலும், சர்க்கார் தஸ்தாவேஜுகளிலும், பிற்பாடு விற்கப்போகும்போது கிடைக்கும் விலையிலும் இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. நம் தாமிரவருணிக் கரையில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முழு வர்ணப்பூச்சு அவசியமே இல்லை என்பதும், நிறமாற்றம் நியாயப்படுகிற சந்தர்ப்பங்கள் மிக அபூர்வம் என்பதும் என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு வந்த வழியை இந்த அத்தியாயத்தில் விஸ்தாரமாகவே சொல்லிவிடுகிறேன்.

வர்ணம் கெடுவதற்கு வயது மாத்திரம் காரணமன்று. வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எந்தத் தண்ணீரில் குளிக்கிறது என்பவையும் காரணங்களே. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் வரை நம் நதி ஓடுகிற தூரம் சுமார் 128 கிலோமீட்டர்தான். அந்தக் குறுகிய தூரத்துக்குள்ளேயே காரின் மேனிக்கு வரும் வியாதிகள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. மேற்கே அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்து வண்டிகளுக்கு வெயிலின் உபத்திரவம் சற்றுக் குறைவு. ஆனால் சாரல் காலத்து ஈரம் கதவின் அடி விளிம்பிலும், சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவிலும் தங்கி, அங்கிருந்து துருவை ஆரம்பித்து வைக்கும். நடுவே பாளையங்கோட்டை வெயிலில் நாள் முழுதும் நிற்கும் காருக்குக் கூரையும் பானெட்டும்தான் முதலில் வெளுக்கும்; பக்கவாட்டுக் கதவுகள் அப்போதும் புதிது போலவே இருக்கும். தழையூத்தில், 1949-இல் உற்பத்தி தொடங்கிய சங்கர்நகர் சிமெண்டு ஆலையின் சுற்றுவட்டாரத்தில் வசிப்பவர்கள் வேறொரு தொல்லையை அறிவார்கள்: இரவில் படிந்த சிமெண்டுத் தூசி விடியற்காலைப் பனியில் நனைந்து, வெயில் ஏறியதும் இறுகி, வர்ணத்தின்மேல் பொட்டுப் பொட்டாகப் பிடித்துக்கொள்ளும். அதை உலர்ந்த துணியால் துடைப்பவர் தம் கையாலேயே வண்டியைக் கீறுகிறார். முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, அப்படியும் போகாத பொட்டுகளை நீர் கலந்த வினிகரால் கரைத்து, உடனே அலசிவிடுவதே முறை. கிழக்கே போனால் தூத்துக்குடி உப்பளக் காற்றும் திருச்செந்தூர்க் கடற்காற்றும், தகடு வரை இறங்கிய எந்தச் சிறு கீறலையும் சும்மா விடுவதில்லை. உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலோ காற்றோடு வந்து முன்புறத்தை நுணுக்கமாக அராவி, பளபளப்பைத் தின்றுவிடும்.

இவற்றோடு வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆற்றுத்தண்ணீர் மெல்லியது, ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். நடுப்பகலில், சூடேறிய பானெட்டில் அந்தத் தண்ணீரை ஊற்றி அப்படியே காயவிட்டால், ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும். பல மாதங்கள் இப்படியே நடந்தால் வளையம் வர்ணத்துக்குள் இறங்கிவிடும். ஆற்றுத்தண்ணீர் மெல்லியது என்று சொன்னதைக் கேட்டுக் குறுக்குத்துறைக்கே வண்டியை ஓட்டிப்போய், குளிக்கிற ஜனங்களுக்கு நடுவே எண்ணெயும் சோப்பும் கலக்கிவிட வேண்டாம். வீட்டில் காலை வேளையில், நிழலில் கழுவி உடனே ஒற்றியெடுத்தால் போதும். புளிய மர நிழலைத் தேடி நிறுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிழல் நல்லதுதான், ஆனால் மேலே அடையும் பட்சிகளின் எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் இளகி மாலையில் இறுகும் வர்ணத்தின்மேல் அது ஒருநாள் கிடந்தாலே, பிறகு துடைத்தாலும் போகாத தழும்பாகிவிடும்.

ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது, வியாதி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுகொள்வது. தொழிற்சாலையில் காரின் தகட்டுக்கு முதலில் பாஸ்பேட் குளியல், அதன்மேல் மின்சாரத்தைச் செலுத்திய தொட்டியில் முழு உடலையும் முக்கியெடுத்து ஏற்றும் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறத்தைக் கொடுக்கும் மெல்லிய பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர். இத்தனையும் சேர்ந்து 100 முதல் 130 மைக்ரான் வரையே இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் துருத்தடுப்புப் பூச்சைச் சுமார் 170 டிகிரி சூட்டிலும், மேற்பூச்சைச் சுமார் 140 டிகிரியிலும் சுடுகிறார்கள். அப்போது வண்டி வெறும் கூடு. ரப்பர், பிளாஸ்டிக், ஒயர் எதுவும் உள்ளே இல்லை. எல்லாம் பூட்டி ஓடிய காரை எந்தப் பட்டறையிலும் அப்படிச் சுட முடியாது. பெயின்ட் அடிக்கும் நல்ல பூத் உள்ள இடத்திலும் 60 டிகிரியை ஒட்டித்தான் உலர்த்துவார்கள். எனவே, அடியில் உள்ள ஆலைப் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதே ஸ்திரத்தோடு திரும்ப வராது. “பழைய பெயின்ட்டை எல்லாம் அடியோடு உரித்துவிட்டு அடிக்கிறோம்” என்று பெருமையாகச் சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதே உத்தமம். துரு இல்லாத இடத்தில் பழைய பூச்சு நல்ல அஸ்திவாரம். அதை வாட்டர் பேப்பரால் பதமாகத் தேய்த்து, அதன்மேலேயே அடிக்க வேண்டும்.

பரிசோதனை சுலபமானது. வண்டியைக் கழுவி உலர்த்தி, மங்கிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிறிது ரப்பிங் பாலிஷ் போட்டு, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால், அது கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு. வெயிலால் மேற்பரப்பு மாத்திரம் பொடிந்திருக்கிறது. நிறம் ஒட்டாமல் தேய்த்த இடம் பளபளத்தால் கிளியர் உயிரோடு இருக்கிறது. இரண்டிலும் பாலிஷே போதும், பெயின்ட் வேண்டாம். ஆனால் கிளியர் ஓரம் தூக்கி, நகத்தால் நெருடினால் செதிலாக உரிந்து வந்தால், அங்கே பாலிஷ் ஒன்றும் செய்யாது. அந்தப் பாகத்துக்கு மறுபூச்சு அவசியம். ஒரு எச்சரிக்கை: மெஷின் பாலிஷ் ஒவ்வொரு முறையும் கிளியரில் சில மைக்ரானைத் தின்கிறது. சர்வீசுக்கு விடும்போதெல்லாம் “ஒரு பாலிஷ் போட்டிரலாமா சார்?” என்று கேட்பவருக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தால், கிளியர் தேய்ந்து, வேண்டாத பெயின்ட் செலவை நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

துருவுக்கு வருவோம், நம் பக்கத்தில் 2023-க்குப் பிறகு இது தனி விஷயமாகிவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. நதி கரைகடந்து திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியிலும் தாழ்வான குடியிருப்புகளிலும் புகுந்தது. வெள்ளத்தில் நின்ற கார்களின் எஞ்சினைப் பற்றியே அந்நாளில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். கதவுக்குள்ளும் சைடு சில்லுக்குள்ளும் புகுந்த வண்டல் அங்கேயே தங்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளிருந்து தகட்டை அரிப்பது உடனே தெரிவதில்லை. ஓரிரு வருஷம் கழித்துக் கதவின் கீழ்விளிம்பில் வர்ணம் கொப்புளமாகக் கிளம்பும். அதைச் சுரண்டி, பட்டி போட்டு, மேலே அழகாக அடித்துக் கொடுப்பது ஈரச்சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற கதைதான். கொப்புளம் வந்த வண்டிக்கு முதலில் கதவுப் பலகையைக் கழற்றி, அடியிலுள்ள வடிதுளைகளைச் சுத்தம் செய்து, வண்டலை அலசியெடுத்து, அரித்த தகட்டை வெட்டி ஒட்டவைத்து, உட்புறம் மெழுகுப்பூச்சு தெளித்துவிட்டு, அப்புறம்தான் பெயின்ட்டைப் பற்றிப் பேச வேண்டும். பழைய கார் வாங்குபவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது: துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வைத்தால், தகடு உள்ள இடத்தில் பிடிக்கும், பட்டி கனத்த இடத்தில் வழுக்கி விழும்.

இனி, ஒன்றிரண்டு பாகங்களுக்கு மாத்திரம் அடிப்பது. பெரும்பாலான கார்களுக்கு இதுவே போதுமான சிகிச்சை. இதில் உள்ள ஒரே சங்கடம் மேட்சிங். காரின் நிறத்துக்கு ஒரு கோடு உண்டு. பானெட்டுக்குள் உள்ள தகட்டிலோ கதவுத் தூணிலோ அச்சிட்டிருக்கும். மாருதி வெள்ளைக்கு 26யு, அதே கம்பெனியின் சில்வர் ஒன்றுக்கு இஸட்2எஸ் என்பது போல. கோடு சொன்னால் கடையில் கலந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் அது வண்டி பிறந்த நாளின் நிறம். எட்டு வருஷ வெயிலில் வண்டி வேறு நிறத்துக்கு வந்துவிட்டது. எனவே நல்ல பெயின்டர் கலவையைச் சிறு தகட்டில் அடித்து, உலர்த்தி, கிளியரும் போட்டு, வண்டியின் பக்கத்தில் வைத்து, வெயிலிலும் நிழலிலும் பார்த்த பிறகே பெயின்ட் துப்பாக்கியை எடுப்பார். வெறும் வெள்ளையில் இது அவ்வளவு கஷ்டமில்லை. சில்வர் போன்ற மெட்டாலிக் நிறங்களில்தான் கைத்திறன் பரீட்சைக்கு வருகிறது: அந்தப் பெயின்ட்டில் உள்ள நுண்ணிய அலுமினியச் சிதறல்கள் எப்படிப் படுத்துக்கொள்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் வேறுபடும், துப்பாக்கியின் தூரமும் காற்றழுத்தமும் மாறினால், ஒரே டப்பாவிலிருந்து அடித்த இரண்டு கதவுகள் இரண்டு நிறமாகத் தெரியும். அதனால் அனுபவசாலிகள் ஒரு கதவுக்கு அடிக்கும்போது அடுத்த கதவிலும் நிறத்தைப் படிப்படியாக மெலியவிட்டுக் கரைத்து, இரண்டுக்கும் முழுக் கிளியர் போடுவார்கள். “பக்கத்துக் கதவுக்கு எதுக்குக் காசு?” என்று இதில் பேரம் பேசாதீர்கள். பம்பர் பிளாஸ்டிக்காகையால் அதன் நிறம் உடலோடு அணுவும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதும் வீண். புது வண்டியிலேயே ஒத்துப்போவதில்லை.

இன்ஷூரன்ஸ் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். வெயிலில் மங்கியதற்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. விபத்தினால் அடிபட்ட பாகத்துக்கே தருவார்கள். சாதாரணப் பாலிசியில் பெயின்ட்டின் பொருட்செலவில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். பில்லில் பொருளும் கூலியும் பிரிக்கப்படாவிட்டால், மொத்தத்தில் 25 சதவிகிதத்தைப் பொருட்செலவாகக் கொள்வார்கள். ஆகவே 20,000 ரூபாய் பெயின்ட் பில்லில் உங்கள் பங்கு 2,500. அதற்குமேல், 1500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்றால் கட்டாயக் கழிவு 1,000. இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஒவ்வொரு கீறலுக்கும் கிளெய்ம் போடுகிறவர், 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸை இழக்கிறார் என்பதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரே கதவுக் கீறலைக் கைக்காசிலேயே சரிசெய்வது லாபம் என்று பெரும்பாலும் தெரியவரும்.

கூரை, பானெட், டிக்கிக் கதவு மூன்றிலும் கிளியர் உரிந்து, பக்கங்களிலும் நாலைந்து பாகங்கள் சொட்டையும் கீறலுமாகி, வண்டியை இன்னும் ஐந்து வருஷமாவது வைத்துக்கொள்வதென்ற உத்தேசமும் இருந்தால், அதே நிறத்தில் முழுப் பெயின்ட் அடிப்பது நியாயமே. மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருக்க வேண்டும். விற்பதற்காக அடிப்பது கைநஷ்டம். பழைய கார்த் தரகர் வண்டியைச் சுற்றி வந்தவுடன் கேட்கும் கேள்வி “ஒரிஜினல் பெயின்ட்டா?” என்பதுதான். கனத்தைக் காட்டும் சிறு கருவி இப்போது பல தரகர்கள் பையிலும் இருக்கிறது. அது 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் மறுபூச்சு என்றும், ஆயிரத்தை நெருங்கினால் அடியில் பட்டி என்றும் அர்த்தம். புத்தம் புதிதாக மின்னும் பத்து வயது வண்டி அவர்கள் கண்ணில் விபத்து வண்டியாகவே தோன்றும்.

பட்டறையைத் தேர்ந்தெடுப்பதில் பழைய ஞாபகம் நம்மை ஏமாற்றக்கூடும். 1920-களில் அமெரிக்காவில் டூக்கோ முதலான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்கள் வந்தபோது, வாரக்கணக்கில் உலர்ந்துகொண்டிருந்த வார்னிஷ் போய், தின்னர் ஆவியானதும் நிமிஷங்களில் காய்ந்துவிடும் பெயின்ட் கிடைத்தது. நம் தகப்பனார் காலத்து அம்பாசடருக்கும் பத்மினிக்கும் வேப்பமரத்தடியிலேயே அதை அடித்து, மறுநாள் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தார்கள். தூசி விழுந்தாலும் தேய்த்தால் போய்விடும். இன்றைய டூ-கே பெயின்ட் ஹார்டனரோடு ரசாயனமாகச் சேர்ந்து இறுகுவது; மேற்பரப்பு காய்வதற்கே அதிக நேரம் பிடிக்கும், அதுவரை காற்றில் வரும் எல்லாவற்றையும் வரவேற்று உட்காரவைக்கும். ஆகையால் மூடிய பூத் அவசியம். அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொடுக்கவல்லது; மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையனைப் பார்த்தால் அந்தப் பட்டறை வேண்டாம். இதைத் தர்ம நியாயமாக மாத்திரம் சொல்லவில்லை. வேலைக்காரனின் சுவாசத்துக்குச் செலவழிக்காத முதலாளி, கண்ணுக்குத் தெரியாத பிரைமருக்கும் செலவழிக்க மாட்டார்.

பூத் இல்லாத ஊர்களில் காலத்தையாவது பார்த்து விடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று அம்மியையே பறக்கவிடுவதாகப் பெயர் வாங்கியது. திறந்த கொட்டகையில் ஈர வர்ணத்தை அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. அதே மாதங்களில் தென்காசிப் பக்கம் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் காற்றில் ஏறியிருப்பதால், லாக்கர் பால்போல வெளுக்கும். டூ-கே பெயின்ட்டில் ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரிந்து நுண்ணிய குமிழ் விடும். மழை விட்ட மாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளியர் அடித்த ஒரு பானெட்டில் ஈசல்கள் இறக்கையோடு பதிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். தை பிறந்து பங்குனி முடியும் வரை காற்று அடங்கி, ஈரம் வற்றியிருக்கும். நம் பக்கத்தில் பெயின்ட் வேலைக்கு ஏற்ற காலம் அதுதான். ஆனால் எஃப்.சி.க்கு நிற்கும் லாரிகளும் வேன்களும் எப்போதும் வரிசையில் இருப்பதால், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

நிறமாற்றத்தைப் பற்றி, பேட்டைப் பக்கத்துப் பட்டறையொன்றில் கேட்ட சம்பாஷணையைச் சொன்னால் பாதி அத்தியாயம் முடிந்துவிடும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தமது சில்வர் காரைச் சிவப்பாக்க வேண்டும் என்று வந்திருந்தார்.

“அடிச்சிரலாம் சார். வெளிய மட்டுமா, உள்ளயுமா?” என்றார் மேஸ்திரி.

“உள்ள எதுக்கு மேஸ்திரி? யாரு பாக்கப் போறா?”

மேஸ்திரி பேசாமல் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். கதவின் விளிம்பு, கீல், தூண், ரப்பர் பீடிங்கின் அடி, காலடிப் படி எல்லாம் சில்வர். பெட்ரோல் மூடியைத் திறந்தார். அதன் உட்புறமும் சில்வர். டிக்கியைத் தூக்கி, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தையும், பானெட்டைத் தூக்கி, பாட்டரியைச் சுற்றியுள்ள தகடுகளையும், போல்ட் தலைகளையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“வெளிய செவப்பு, கதவத் தொறந்தா சில்வரு. பாக்கதுக்கு நல்லாவா இருக்கும்? இதெல்லாம் மாத்தணும்னா கண்ணாடி, பீடிங்கு, சீட்டு, டோர் பேடு அம்புட்டையும் கழத்தணும். ஒரு மாசம் வண்டிய மறந்துரணும் பாத்துக்கிடுங்க. கழத்துன கிளிப்புல பாதி ஒடையும், அதையும் சொல்லிட்டேன்.”

ஆசிரியர் சில்வரிலேயே திரும்பிப் போனார். மேஸ்திரி சொன்னதில் மிகை இல்லை. சிறிய காருக்கு வெளியே தெரியும் பாகங்கள் பதின்மூன்று: நான்கு கதவு, இரண்டு முன் மட்கார்டு, இரண்டு பின் பக்கவாட்டு, பானெட், கூரை, டிக்கி, இரண்டு பம்பர். அதே நிறத்தில் அடிப்பவருக்குக் கணக்கு இத்துடன் முடிகிறது. நிறத்தை மாற்றுபவருக்கு இதற்குப் பின்னால்தான் வேலையே ஆரம்பிக்கிறது. பிரித்துப் பூட்டும் கூலியே பெயின்ட்டின் விலையை மிஞ்சும். பிரித்த ரப்பர் மறுபடி சரியாக உட்காராவிட்டால், முதல் மழையில் காலடியில் தண்ணீர் நிற்கும்.

சட்டமும் இங்கேதான் குறுக்கிடுகிறது. பதிவு விண்ணப்பமான படிவம் 20-இலேயே உடலின் நிறத்துக்கு ஒரு பத்தி உண்டு. அது அப்படியே ஆர்.சி.யில் ஏறுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைப் பற்றியது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வர்ணமும் அடிக்கக்கூடாது போலும் என்று பலர் பயந்தார்கள். அந்தத் தீர்ப்பின் நோக்கம் உடலமைப்பைத் திருத்துவது பற்றியது; நிறமாற்றத்துக்கு வழி அடைபடவில்லை. ஆனால் முதலில் உங்கள் விலாசத்துக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்று, அடித்த பின் வண்டியை நேரில் காட்டி, புதிய நிறத்தை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிக்கு டி.என். 72, தென்காசிக்கு 76, தூத்துக்குடிக்கு 69. அனுமதியின்றி நடந்துவிட்ட மாற்றத்தை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. விதிக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019-இல் வந்த திருத்தத்தில் இடமுண்டு. கடன் முடியாத வண்டியென்றால், பணம் கொடுத்த கம்பெனியின் எழுத்துமூலமான சம்மதமும் தேவை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். ராணுவத்து ஆலிவ் பச்சை நிறத்தைத் தனியார் வண்டிக்கு அடிக்கவே கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி அதைத் தடுக்கிறது. பெயின்ட்டுக்குப் பதிலாக வினைல் ஸ்டிக்கரை வண்டி முழுதும் ஒட்டுவதும் நிறமாற்றமே. கான்ஸ்டபிளின் கண்ணுக்கு ஆர்.சி.யில் வெள்ளை, ரோட்டில் நீலம். மேலும், நம் வெயிலில் கூரைமீது ஒட்டிய வினைல் சீக்கிரம் வெடிக்கும். நாள்பட்டுவிட்டால் உரிக்கும்போது அடியிலுள்ள மறுபூச்சையும் கூடவே கொண்டுவரும்.

இத்தனைக்கும் பிறகு நிறத்தை மாற்ற விரும்புபவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று எனக்கு மரியாதைக்குரியதாகப் படுகிறது: வெப்பம். 2011-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தார் வெளியிட்ட சோதனையில், ஒரே மாடலைச் சேர்ந்த கறுப்புக் காரையும் சில்வர் காரையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தபோது, கூரையின் சூட்டில் 25 டிகிரி வரை வித்தியாசம் கண்டார்கள். ஆனால் உள்ளேயுள்ள காற்றில் 5, 6 டிகிரிதான். சித்திரையில் சதமடிக்கும் பாளையங்கோட்டையில் அந்த ஐந்து டிகிரி அலட்சியப்படுத்தத் தக்கதன்று. என்றாலும், புது வண்டி வாங்கும்போது வெள்ளையைத் தேர்ந்தெடுப்பதற்கு அது காரணமாகலாமே தவிர, ஓடுகிற கறுப்பு வண்டியைப் பிரித்துப்போடுவதற்குப் போதாது. கண்ணாடிக்கு வெயில் மறைப்பும், வீட்டு வாசலில் ஒரு தகரக் கொட்டகையும் அந்தச் செலவில் ஒரு சிறு பங்குக்குள் அடங்கும். ஜோசியர் சொன்ன ராசி நிறத்துக்காக வருகிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதிடுவதில்லை. அந்த நிறத்தில் சீட் கவர் தைத்துக்கொண்டால் கிரகங்கள் ஆட்சேபிக்குமா என்று ஜோசியரிடமே கேட்டுவரச் சொல்வேன்.

நிறமாற்றம் முழுக்க நியாயப்படும் இடம் ஒன்று இருக்கிறது: பழம் வண்டி. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரையோ, அதற்கு முந்திய பத்மினியையோ, சென்னையருகே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ வாங்கி, எஞ்சின் முதல் கம்பளம் வரை எப்படியும் பிரிக்கப்போகிறவருக்கு, இடையில் யாரோ அடித்த வெள்ளையை நீக்கி, வண்டி பிறந்த நிறத்துக்கே திருப்புவது கூடுதல் சிரமமன்று, மதிப்பையும் கூட்டும். பிறந்த நிறம் எது என்பதை டாஷ்போர்டின் பின்புறத்திலும், கதவுப் பலகைக்கு அடியிலும் தேடினால், வெயில் படாத ஒரு விரற்கடையாவது கிடைத்துவிடும். தற்போதைய ஆர்.சி.யில் எந்த நிறம் எழுதியிருக்கிறது என்று மறக்காமல் பாருங்கள். பதினைந்து வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்கொருமுறை புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போதுதான் பலருடைய நிறக்குழப்பம் வெளிவருகிறது.

வேலை ஒப்படைக்குமுன், எந்தக் கம்பெனிப் பெயின்ட், எத்தனை கோட்டு, கிளியர் எது, என்னென்ன கழற்றப்படும், எந்த இடத்தில் பட்டி வரும் என்பதைப் பில் புத்தகத்திலேயே எழுதி வாங்குங்கள். முன்பணத்தைப் பிரைமர் முடிந்த நிலையை நேரில் பார்த்த பிறகு கொடுப்பது நல்லது. அந்த நாளில்தான் சொட்டை எடுத்ததன் யோக்கியதை தெரியும், வர்ணம் ஏறிய பின் தெரியாது. வண்டியை எடுத்துக்கொள்ளப் போவது காலை வேளையில், திறந்த வெளியில் இருக்கட்டும். பக்கவாட்டில் குனிந்து, ஒரு மின்கம்பத்தின் நிழல் கதவுகளின்மேல் நேர்கோடாக ஓடுகிறதா, நெளிகிறதா என்று பாருங்கள். ரப்பர் பீடிங்கிலும் விளக்குக் கண்ணாடியிலும் வர்ணத்தூள் படிந்திருந்தால் அங்கேயே துடைக்கச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் வண்டியைக் கழுவ வேண்டாம். முதல் ஒரு மாதம் மெழுகோ பாலிஷோ போட வேண்டாம், உள்ளே தங்கிய கரைப்பான் வெளியேற வழி வேண்டும். கலந்ததில் மீந்த நிறத்தை ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் வாங்கி, கோடும் தேதியும் எழுதி ஒட்டி, வீட்டில் வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். திருநெல்வேலி டவுன் ரதவீதியில் யாராவது கைப்பிடியால் கதவை உரசிவிட்டுப் போகும் நாளில் அது தேவைப்படும்.